ஜாமீன் கையெழுத்து: இயக்குநர் ஜான் வூ பற்றி ஒரு பேச்சு

(நம் குடியிருப்பின் மூத்தோர் வட்ட மாதக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் முழங்கால் வலி பற்றி டாக்டர் பேசினார். அதற்கு முந்தின மாதம் உயில் எழுதுவது பற்றி வக்கீல் பேசினார். இந்த மாதம் துப்பாக்கிச் சண்டைப் படம் எடுக்கும் ஒருவரைப் பற்றி ஒரு ரிட்டயர்டு பேங்க் கிளார்க் பேசப் போகிறார் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும், "நமக்கு எதற்கு இதெல்லாம்?" என்று இரண்டு மூன்று பேர் லிஃப்டிலேயே என்னிடம் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தது வரவு செலவும் லெட்ஜரும்தான். அந்தக் கண்ணோடு ஜான் வூ என்ற மனிதரின் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தபோது அதில் ஒரு பதிவு திரும்பத் திரும்ப வந்தது. கடன் விண்ணப்பத்தில் ஜாமீன்தாரர் என்று ஓர் இடம் இருக்குமே, அதுதான். அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இடத்தில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்று நான் பேசப் போவது அந்தக் கையெழுத்துகளைப் பற்றி.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாம் குரூஸ் மலைப்பாறையில் ஒற்றைக் கையால் தொங்கும் 'மிஷன் இம்பாசிபிள் 2' உங்களில் பலர் தியேட்டரிலோ டிவியிலோ பார்த்திருப்பீர்கள். 2000-இல் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் அது. இரண்டு பேர் முகத்தை மாற்றிக்கொள்ளும் 'ஃபேஸ் ஆஃப்' பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள். இரண்டுமே ஜான் வூ இயக்கியவை. கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு பாய்வதும், குண்டு பறக்கும் நேரத்தில் படம் மெதுவாக நகர்வதும், நடுவே வெள்ளைப் புறா சிறகடிப்பதும் இன்று எந்த ஊர்ப் படத்திலும் வரலாம். அந்தப் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர் இவர்தான்.

1946-இல் சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் ஹாங்காங்குக்கு வந்துவிட்டது. தகப்பனார் படித்தவர், ஆனால் காசநோய் பிடித்து வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டார். அம்மா உடல் உழைப்பில்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் என்ற குடிசைப் பகுதியில் பெருந்தீ. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் வீடு இழந்தார்கள். அதில் இவர் குடும்பமும் ஒன்று. அந்தத் தீக்குப் பிறகுதான் ஹாங்காங் அரசு ஏழைகளுக்காக அடுக்குமாடி வீடுகளைப் பெரிய அளவில் கட்ட ஆரம்பித்தது. மெயின்டனன்ஸ் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு இது ஒரு உபரித் தகவல்.

முதல் கையெழுத்து இங்கே வருகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டப் பணமில்லை. தேவாலயத்தின் மூலமாக அமெரிக்காவில் இருந்த ஒரு குடும்பம் இந்தப் பையனின் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது. உறவுமில்லை, ஊருமில்லை. மாதாமாதம் பணம் வந்தது, பையன் படித்தான். தானும் ஒரு பாதிரியாராக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. பின்னாளில் அவர் படங்களில் தேவாலயமும் மெழுகுவத்தியும் புறாவும் ஏன் அத்தனை வருகின்றன என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

அம்மாவுக்கு சினிமாப் பைத்தியம். பெரியவர்களோடு வரும் குழந்தைக்கு அந்நாளில் டிக்கெட் கிடையாது. ஆகவே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார். வெளியே ரௌடிகள் அடித்துக்கொள்ளும் தெரு. உள்ளே பாட்டும் நடனமுமாக ஹாலிவுட் இசைப் படங்கள். இந்த மனிதரின் சண்டைக் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள், நடனம் போலவே இருக்கும். ஒருவர் சுழல்வார், இன்னொருவர் சறுக்குவார், கண்ணாடி தாளம் தப்பாமல் உடையும். அந்த இலவச டிக்கெட்டில் கற்ற பாடம்தான் அது.

திரைப்படக் கல்லூரி எதற்கும் அவர் போகவில்லை. ஷா பிரதர்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோவில் வாள்சண்டைப் படங்களுக்குப் பெயர் போன சாங் செ என்ற இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு வீரன் நண்பனுக்காக உயிரைக் கொடுப்பான் என்பது குருநாதரின் எல்லாப் படங்களிலும் வரும் கதை. சிஷ்யர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பிற்காலத்தில் வாளுக்குப் பதிலாகத் துப்பாக்கியைக் கொடுத்தார்.

1973-இல் நண்பர் ஒருவரின் பணத்தில் முதல் படம். வன்முறை அதிகம் என்று சென்சார் நிறுத்தி வைத்தது. கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு இவரையும் ஒப்பந்தம் செய்தது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? சண்டைப் படத்துக்காக வந்தவர் நகைச்சுவைப் படங்களில் போய்ச் சேர்ந்தார். 1977-இல் எடுத்த ஒரு சிரிப்புப் படம் நன்றாக ஓடிவிட்டது. அப்புறம் அதுவே முத்திரை ஆகிவிட்டது. நம்மிலும் இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறோம். டிராஃப்ட் செக்ஷனில் ஒரு முறை வேலையைச் சுத்தமாக முடித்தால், ரிட்டயராகும் வரை டிராஃப்ட் செக்ஷன்தான்.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சிரிப்புப் படங்களும் ஓடவில்லை. சினிமா சிட்டி என்ற நிறுவனத்தில் இருந்தவரைத் தைவானுக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்ட நிலை. அங்கே எடுத்த படங்களும் தோல்வி. அதற்கு முன் தாய்லாந்தில் எடுத்த ஒரு போர்ப் படம் வெளிவராமல் பெட்டியில் கிடந்தது. வயது நாற்பதை நெருங்குகிறது. நம் பேங்க் பாஷையில் சொன்னால், கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போயாகிவிட்டது. புதுக் கடன் யாரும் தரமாட்டார்கள்.

இப்போது இரண்டாவது பெரிய கையெழுத்து. சூய் ஹார்க் என்று இன்னொரு இயக்குநர். இவரை விட இளையவர். அவருடைய முதல் படங்கள் ஓடாமல் அவர் தவித்த காலத்தில், இவருக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று சினிமா சிட்டியில் எடுத்துச் சொன்னவர் ஜான் வூ. பிறகு சூய் ஹார்க் மேலே ஏறினார், 1984-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். வூ கீழே இறங்கினார். மேலே போனவர் கீழே இருந்தவரை மறக்கவில்லை. நீ எடுக்க நினைத்ததை எடு, நான் தயாரிக்கிறேன் என்று வந்து நின்றார். அப்படிப் பிறந்ததுதான் 1986-இல் வெளியான 'எ பெட்டர் டுமாரோ'.

இந்தப் படத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, காரணம் தொழில்பாசம். கதையே கள்ள நோட்டுக் கும்பலைப் பற்றியது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்து நோட்டைத் தடவிப் பார்த்தவன். படத்தின் ஆரம்பத்தில் கதாநாயகர்களில் ஒருவர் கள்ள டாலர் நோட்டைக் கொளுத்தி சிகரெட் பற்ற வைப்பார். கள்ள நோட்டைக் கண்டால் முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, ரசீது கொடுக்க வேண்டும் என்று பழகிய கைக்கு அந்தக் காட்சி ஓர் அதிர்ச்சி.

கதை இதுதான். அண்ணன் கும்பலில் இருக்கிறான், தம்பி போலீஸில் சேருகிறான். தைவானுக்குப் போன இடத்தில் அண்ணனைக் கூட இருந்தவன் காட்டிக்கொடுக்கிறான். மூன்று வருஷம் ஜெயில். அவனுக்காகப் பழிவாங்கப் போன நண்பன் மார்க் காலில் குண்டடிபட்டு நொண்டியாகி, கார் துடைத்துப் பிழைக்கிறான். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு ஒரு டாக்சி கம்பெனி முதலாளி வேலை கொடுக்கிறார். அந்த முதலாளியும் பழைய கைதிதான். இங்கேயும் ஜாமீன்!

தைவானில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒருவர் எடுத்த படத்தில், தைவானில் விழுந்து மூன்று வருஷம் கழித்து எழுந்து வரும் கதை. இதில் வூ ஒரு தைவான் போலீஸ் அதிகாரியாக முகமும் காட்டுகிறார். நடிகர்களைப் பாருங்கள். அண்ணனாக நடித்த டி லங், சாங் செ காலத்தில் உச்சத்தில் இருந்து, பிறகு மார்க்கெட் போனவர். மார்க்காக நடித்த சௌ யுன்-ஃபாட் டிவியில் பெரிய பெயர், ஆனால் சினிமாவில் இவரைப் போட்டால் படம் ஓடாது என்று ராசி பார்த்து ஒதுக்கியிருந்தார்கள். தனக்குக் கிடைத்த கையெழுத்தின் பலத்தில் வூ இந்த இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டார். படம் சுமார் மூன்றரைக் கோடி ஹாங்காங் டாலர் வசூலித்து அன்றைய சாதனையை உடைத்தது. அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் இது, சிறந்த நடிகர் சௌ யுன்-ஃபாட். நம் ஊரைப் போலவே புழுக்கம் நிறைந்த அந்த ஊரில் இளைஞர்கள் மார்க் மாதிரி நீளமான ஓவர்கோட் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கத் திரிந்தார்களாம். பெட்டியில் கிடந்த அந்தப் பழைய போர்ப் படத்தைக்கூடத் தூசி தட்டி அதே வருஷம் வெளியிட்டார்கள்.

பிறகு வரிசையாக வந்தன. 1989-இல் 'தி கில்லர்', 1990-இல் 'புல்லட் இன் த ஹெட்', 1992-இல் 'ஹார்ட் பாயில்ட்'. கடைசிப் படத்தில் ஒரு காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக்கொண்டே ஒரு மாடியைக் கடந்து, லிஃப்டில் ஏறி, அடுத்த மாடியில் இறங்கி மறுபடி சுடுகிறார்கள். இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. ஆனால் அங்கே இரண்டு மாடிகள் இல்லை, ஒரே தளம்தான். லிஃப்டுக்குள் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இருபது விநாடி சொச்சத்தில், வெளியே ஒரு கூட்டமே ஓடி ஓடி உடைந்ததைக் கூட்டி அள்ளி, இடத்தை வேறு மாடி போல மாற்றிவிட்டது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். நம் லிஃப்ட் ரிப்பேரானால் ஆள் வர எத்தனை நாள் ஆகிறது என்பதை இத்துடன் ஒப்பிடாமல் விட்டுவிடுகிறேன்.

ஜாமீனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போட்டவருக்கும் போடப்பட்டவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1987-இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்று தகராறு. 'தி கில்லர்' படத்தோடு இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை சூய் ஹார்க் தானே இயக்கினார். வூ தன் மனத்தில் இருந்த கதையை வேறு விதமாக மாற்றி 'புல்லட் இன் த ஹெட்' என்று எடுத்தார். மூன்று நண்பர்கள் வியட்நாம் போரில் மாட்டிக்கொண்டு, ஒருவன் தங்கத்துக்காக இன்னொருவன் தலையில் சுடுகிற கதை. நட்பு முறிந்த பிறகு எடுத்த படம் என்று தெரிந்து பார்த்தால் நெஞ்சு கனக்கும். அது ஓடவில்லை. நான் பார்த்தவரை ஜாமீன் போடுகிறவர்களில் இரண்டு ரகம். கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்து நிற்பவர் ஒருவர். கையெழுத்துப் போட்டதாலேயே கடைக் கல்லாவில் வந்து உட்கார்ந்துகொள்பவர் இன்னொருவர். இந்த இருவரின் தகராறில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு தொழிலில் இருவருக்குமே திடமான எண்ணங்கள் இருந்தால் இது நடக்கும்.

1993-இல் அமெரிக்கா. 'ஹார்ட் டார்கெட்' என்ற படத்துக்காக யூனிவர்சல் ஸ்டுடியோ அழைத்தது. ஆங்கிலம் சரளமாக வராத, வேற்றூர் ஆள். ஸ்டுடியோவுக்குப் பயம். அதனால் சாம் ரெய்மி என்ற அமெரிக்க இயக்குநரைக் கூடவே வைத்தார்கள். இவரால் முடியாமல் போனால் அவர் எடுத்து முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரெய்மியோ வூவின் ரசிகர். பக்கத்தில் நின்று தைரியம் கொடுத்தார், இடத்தைப் பிடுங்கப் பார்க்கவில்லை. அப்படியும் அங்கே தணிக்கைச் சான்றிதழுக்காகப் படத்தைத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டி வந்தது. ஹாங்காங்கில் தன் படத்தைத் தானே தீர்மானித்தவருக்கு இங்கே ஒவ்வொரு வவுச்சருக்கும் மேலதிகாரி கையெழுத்து.

1996-இல் வந்த 'பிரோக்கன் ஆரோ' நல்ல வசூல். அந்த நம்பிக்கையில் பாரமவுன்ட் கூடுதல் சுதந்திரம் கொடுத்தது. 1997-இல் 'ஃபேஸ் ஆஃப்'. முதலில் எதிர்கால உலகில் நடக்கும் விஞ்ஞானக் கதையாக எழுதப்பட்டிருந்தது. வூ அந்த இயந்திரச் சமாசாரங்களைக் குறைக்கச் சொல்லி, ஒரு தகப்பன், இறந்துபோன மகன், தவிக்கும் மனைவி என்று குடும்பத்தைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு துப்பாக்கிச் சண்டை. ஒரு சின்னப் பையன் காதில் ஹெட்போன். அவனுக்குக் கேட்பது ஒரு பழைய மென்மையான பாட்டு மட்டும். நமக்கும் அந்தப் பாட்டுதான் கேட்கிறது. சுற்றிலும் ஆட்கள் விழுகிறார்கள். தீயில் வீடு இழந்து, வெளியே அடிதடியும் உள்ளே பாட்டுமாக வளர்ந்த ஒரு பையனைத்தான் நான் அங்கே பார்க்கிறேன்.

'மிஷன் இம்பாசிபிள் 2' சுமார் 54 கோடி டாலர் ஈட்டியது. அதற்கு இரண்டே வருஷத்தில் 'விண்ட்டாக்கர்ஸ்' என்ற போர்ப் படம். செலவு சுமார் 11 கோடி டாலருக்கு மேல், வசூல் 8 கோடியைக்கூடத் தொடவில்லை. நாவஹோ பழங்குடி வீரர்கள் தங்கள் மொழியை ரகசியக் குறியீடாக்கிய அருமையான விஷயம் கையில் இருந்தும், அவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு நட்சத்திர நடிகரை முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. அடுத்த படமும் சுமார்தான். கணக்கு மறுபடி சிவப்பு மையில்.

அறுபது வயதை ஒட்டி அவர் ஊர் திரும்பினார். இங்கே நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கி.பி. 208-இல் நடந்த சிவப்புப் பாறைப் போரை 'ரெட் கிளிஃப்' என்று இரண்டு பாகமாக 2008-லும் 2009-லும் கொண்டுவந்தார். சீனாவில் பெரும் வசூல். தயாரிப்பு சுலபமாக நடக்கவில்லை. ஷூட்டிங் தொடங்கும் நேரத்தில் சௌ யுன்-ஃபாட் விலகினார். படப்பிடிப்பில் நேர்ந்த தீ விபத்தில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் நாம் கைதட்டும் காட்சிக்குப் பின்னால் பெயர் தெரியாத உழைப்பாளிகள் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2010-இல் வெனிஸ் திரைப்பட விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அவருக்கு வழங்கியது. அதன் பிறகும் ஒரு பெரிய படம் கவிழ்ந்தது. 2023-இல் ஏறக்குறைய வசனமே இல்லாத 'சைலன்ட் நைட்' எடுத்தார். 2024-இல், 78 வயதை ஒட்டி, தன் 'தி கில்லர்' கதையையே பாரிஸ் நகரில் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து மறுபடி எடுத்தார். நாம் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்கப் போவதற்கே ஆட்டோ தேடுகிறோம்.

சரி, இத்தனை துப்பாக்கி நல்லதா என்று ஓர் அம்மா கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இவை பெரியவர்கள் பார்க்க வேண்டிய படங்கள், சந்தேகமே வேண்டாம். இவரைப் பார்த்து எடுத்தவர்கள் அநேகம் பேர் துப்பாக்கியை எண்ணிக்கொண்டார்கள், நட்பை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்கள் படத்தில் நூறு பேர் விழுந்தாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வூவின் நல்ல படங்களில் ஒருவன் விழுந்தால் அவனுக்காக அழ ஒருவன் பக்கத்தில் இருப்பான்.

கடைசியாக ஒன்று. கடன் செக்ஷனில் நான் இருந்த வருஷங்களில் நல்ல நல்ல விண்ணப்பங்கள் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். லேத் பட்டறை வைக்க வந்த பையன், தையல் மெஷின் வாங்க வந்த பெண். எல்லாத் தாளும் சரியாக இருக்கும், ஜாமீன்தாரர் இடம் மட்டும் காலியாக இருக்கும். ஃபைலை மூடிவிடுவார்கள். அவர்களில் எத்தனை பேர் பெரிய ஆளாகியிருப்பார்கள் என்று எந்த லெட்ஜரும் சொல்லாது.

நம் நான்கு பிளாக்கிலும் வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்பது வயதில் வேலை போய், காலையில் டை கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு, பார்க்கில் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கலாம். பண ஜாமீன் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரிந்த அளவு உங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு போன் போட்டு, "இந்தப் பையனை எனக்குத் தெரியும், பாருங்கள்" என்று சொல்ல நம்மில் பலருக்கு இன்னும் செல்வாக்கு இருக்கிறது. அதைச் செய்யலாம். செய்துவிட்டு அவர்கள் வேலையில் தலையிடாமல் நகர்ந்தும் நிற்கலாம். இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் அசோசியேஷன் ஆபீசில் வைக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இதே இடத்தில் 'எ பெட்டர் டுமாரோ' திரையிடுகிறோம். சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். காபி உண்டு. கள்ள நோட்டைக் கொளுத்தும் இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.